சேலத்திலிருந்து இஸ்திரியா: செப்டம்பர் கடைசியில் அப்பா அம்மாவோடு போகலாமா?

அஸ்தம்பட்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஐரோப்பா போக நினைக்கிறோம். நான், மனைவி, அப்பா, அம்மா. அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சரித்திரம் என்றால் சாப்பாடே மறந்துவிடும். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. முழங்கால் வலி வேறு. எனக்கும் மனைவிக்கும் கடலும் நல்ல சாப்பாடும் போதும்.

ஒரு டிராவல்ஸில் திட்டம் கேட்டோம். ரோம், புளோரன்ஸ், வெனிஸ், ஸ்லோவேனியா, அப்புறம் குரோஷியாவில் டுப்ரோவ்னிக் வரை, எல்லாம் பத்து நாளுக்குள். கிட்டத்தட்ட தினமும் பெட்டி கட்டி அவிழ்க்க வேண்டும். அம்மா அதைப் படித்துவிட்டு, "நான் வீட்டிலேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் இல்லாமல் போகிற எண்ணமே எங்களுக்குக் கிடையாது.

ஆபீஸில் ஒரு நண்பர், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு குரோஷியாவின் இஸ்திரியா தீபகற்பத்துக்கு மட்டும் போகச் சொல்கிறார். ரோமானியர் காலத்துக் கட்டடம், கடற்கரை, சாப்பாடு, திராட்சைத் தோட்டம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதாம். அங்கே போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த ஒரு இடத்துக்காக அவ்வளவு தூரம் போகலாமா?

ஏற்காட்டு மிளகு:

தாராளமாகப் போகலாம் தம்பி. அந்த டிராவல்ஸ் திட்டத்தை ஓரமாக வையுங்கள். டுப்ரோவ்னிக் குரோஷியாவின் தென்கோடியில் இருக்கிறது, இஸ்திரியா வடமேற்கு மூலையில். படத்தில் ஒரே நாடாகத் தெரிந்தாலும் நடுவே ஒரு முழு நாள் சாலைப் பயணம். அம்மாவின் முழங்காலுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இஸ்திரியா ஏட்ரியாட்டிக் கடலுக்குள் முக்கோணமாக நீளும் தீபகற்பம். பெரும்பகுதி குரோஷியா, வடக்கே கொஞ்சம் ஸ்லோவேனியா, ஒரு சின்னத் துண்டு இத்தாலி. மேற்குக் கரையில் பூலா, ரோவிஞ், பொரெச் என்று மூன்று ஊர்கள். அடுத்தடுத்த ஊருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். நமக்குச் சேலத்திலிருந்து ஏற்காடு வருகிற மாதிரிதான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு கிடையாது. ஒரே வீட்டில் தங்கிக்கொண்டு தினம் ஒரு பக்கம் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

எந்த ஊரில் தங்குவது என்பதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். நெட்டில் பார்த்தால் எல்லோரும் ரோவிஞ் என்பார்கள். அழகில் சந்தேகமே இல்லை. அது ஒரு காலத்தில் தீவு, 1763இல்தான் கால்வாயைத் தூர்த்துக் கரையோடு சேர்த்தார்கள். அதனால் பழைய ஊர் முழுக்க நெருக்கமான சந்து, படிக்கட்டு, மேடு. தரையெல்லாம் பல தலைமுறை நடந்து வழவழவென்று தேய்ந்த சுண்ணாம்புக்கல். தூறல் விழுந்தால் இளவட்டங்களே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். அங்கே பகலில் போய்விட்டு வாருங்கள், பெரியவர்களைத் தங்க வைக்காதீர்கள்.

பூலாவுக்கு வடக்கே 8 கிலோமீட்டரில் ஃபஜானா என்று சின்ன மீனவ ஊர் இருக்கிறது. சமதளம். கடலை ஒட்டியே நடைபாதை, உட்கார பெஞ்சு, பக்கத்திலேயே பேக்கரி. பிரியூனி தீவுகளுக்குப் படகு அந்த ஊர்த் துறையிலிருந்துதான் புறப்படும். சமையலறையோடு வாடகை வீடுகளும் கிடைக்கும். உங்கள் குடும்பத்துக்கு அதுதான் இடம்.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதமும் நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்டில் பாதி ஐரோப்பா அங்கேதான் கூடும். செப்டம்பர் கடைசியில் கூட்டம் வடிந்துவிடும், கடல் இன்னும் குளிக்கிற சூட்டில் இருக்கும்.

கல்வெட்டு வாத்தியார்:

அப்பாவுக்குச் சரித்திரம் உயிர் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். பூலாவையும் பிரியூனியையும் என் தம்பி குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன்.

பூலாவில் இருக்கும் ரோமானிய அரங்கம் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. நீளம் சுமார் 132 மீட்டர், அகலம் 105, சுவர் 30 மீட்டருக்கு மேல் உயரம். ஏறக்குறைய 23,000 பேர் உட்கார்ந்து பார்த்த இடம். ரோமின் கொலோசியத்தில் வெளிச்சுவர் பாதிக்கு மேல் போய்விட்டது. இங்கே சுற்றுச்சுவர் எங்கும் விடுபடாமல் முழுசாக நிற்கிறது, நான்கு கோபுரங்களும் இருக்கின்றன. 1583இல் வெனிஸ் செனட்டில் இதைக் கல் கல்லாகப் பிரித்து வெனிஸில் கொண்டுபோய்க் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. கப்ரியேலே எமோ என்ற செனட்டர் எதிர்த்து நின்று தடுத்தார். அவருக்கு நன்றி சொல்லி ஒரு கல்வெட்டு அரங்கத்துக் கோபுரத்திலேயே பதித்திருக்கிறார்கள். அப்பாவை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுங்கள்.

அரங்கத்தின் அடியில் இறங்கினால் நிலவறை. ஒரு காலத்தில் காட்டு விலங்குகளும் வீரர்களும் மேலே போகக் காத்திருந்த வழி. இப்போது அங்கே பழைய எண்ணெய்ச் செக்குக் கல்லும், எண்ணெயும் மதுவும் ஊற்றி வைத்த நீளக் கழுத்து ஜாடிகளும் வைத்திருக்கிறார்கள். அங்கே மட்டும் அரை மணி நேரம் நின்றேன். காரணம் இதுதான். ஏற்காட்டு மிளகு சார் சொன்ன ஃபஜானாவில் ரோமானியர் காலத்தில் பெரிய ஜாடிப் பட்டறை இருந்தது. இஸ்திரிய ஆலிவ் எண்ணெய் அந்த ஜாடிகளில்தான் வெளியூர் போனது. நம் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ஜாடிச் சில்லுகளில் இஸ்திரிய எண்ணெய் ஜாடிகளும் இருந்ததாக அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீபகற்பத்துச் சரக்கு நம் கரையில் இறங்கியிருக்கிறது. கரூர், கோவைப் பக்கம் கிடைக்கிற ரோமானிய நாணயங்களைப் பற்றிப் பாடம் நடத்தியவனுக்கு அந்த ஜாடிகளை எதிரில் பார்த்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்து பிரியூனி. 1956 ஜூலையில் நேருவும் எகிப்தின் நாசரும் யூகோஸ்லாவியாவின் டிட்டோவும் சந்தித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்ட தீவு அது. அணிசேரா இயக்கத்துக்கு அடித்தளம் போட்ட சந்திப்பு. முதல் மாநாடு பெல்கிரேடில் 1961இல் நடந்தது. டிட்டோவின் கோடை மாளிகை இங்கேதான். அவருக்கு வந்த பரிசு விலங்குகளுக்கென்று ஒரு பூங்காவே அமைத்தார்கள். இந்திரா காந்தி கொடுத்த சோனி, லங்கா என்ற இரண்டு யானைகளும் அங்கே வளர்ந்தவை. தபால் துறையில் இருந்தவர் என்றால் நேரு காலத்துச் செய்திகள் அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கும். அங்கே அவர்தான் உங்களுக்கு வழிகாட்டி.

தீவில் ஒரு ஆலிவ் மரம் இருக்கிறது. வயது சுமார் 1,600 என்று கணித்திருக்கிறார்கள், இன்னும் காய்க்கிறது. நடக்க வேண்டிய கவலை இல்லை, சின்ன ரயில் வண்டியில் சுற்றிக் காட்டுவார்கள்.

சூரமங்கலம் சந்திப்பு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு செலவு செய்து போகிற இடத்தில் கடற்கரை எப்படி என்று யாரும் சொல்லவில்லையே. நான் விசாரித்த வரை இஸ்திரியாவில் மணல் கரை அபூர்வம், பெரும்பாலும் பாறையும் கூழாங்கல்லும். கடல்தான் வேண்டும் என்றால் தரங்கம்பாடி இருக்கிறது, டேனிஷ் கோட்டையும் இருக்கிறது, காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். பெரியவர்களை அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார வைக்க வேண்டுமா? யோசித்துச் செய்யுங்கள்.

மேட்டூர் காவிரி:

சூரமங்கலம் அண்ணா சொல்வதில் பாதி சரி. மணல் கரை ரொம்பக் குறைவு என்பது உண்மை. சில இடங்களில் சிமென்ட் மேடை கட்டி, ஏணி வைத்து அப்படியே கடலில் இறங்க விடுகிறார்கள். மெரினாவை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஆனால் மணல் இல்லாத இடங்களில் தண்ணீர் அவ்வளவாகக் கலங்குவதில்லை. கழுத்தளவு ஆழத்தில் நின்றாலும் கால் விரல் தெரியும். அலையும் குறைவு. நீச்சல் தெரியாத என் அத்தை கூட ஏணியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார், அப்புறம் வெளியே வரவே மாட்டேன் என்றார். ரப்பர் செருப்பு ஒன்று கட்டாயம் வாங்குங்கள். பாறையில் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும், மிதித்தால் முள் உள்ளேயே ஒடிந்துவிடும்.

பூலாவுக்குத் தெற்கே கமென்யாக் முனை என்று பாதுகாக்கப்பட்ட இடம் இருக்கிறது. கட்டடம் எதுவும் கட்ட விடவில்லை. உங்களுக்கும் மனைவிக்கும் அது பிடிக்கும். மண்பாதை குண்டும் குழியுமாக இருக்கும், அம்மாவை அழைத்துப் போக வேண்டாம்.

தரங்கம்பாடி எனக்கும் உயிர். அதை ஒரு சனி ஞாயிறில் பார்த்துவிடலாம். அப்பாவுக்கு உடம்பில் தெம்பு இருக்கும்போதே தூரத்து இடத்தைப் பார்த்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:

சைவம் பற்றி நான் சொல்கிறேன். என் மகள் இத்தாலியில் இருப்பதால் அங்கேயிருந்து இஸ்திரியாவுக்குப் போய் வந்தோம். நானும் முட்டை தொட மாட்டேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மனேஷ்ட்ரா என்று பீன்ஸ், சோளம், உருளைக்கிழங்கு போட்ட சூப் எல்லா ஊரிலும் கிடைக்கும். பெயரளவில் காய்கறி சூப். கொதிக்கும்போது பன்றி எலும்போ கொழுப்போ போடுவது வழக்கம். பரிமாறுகிறவரிடம் "காய்கறி சூப்தானே" என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்வார். "இறைச்சி, எலும்பு, மீன், முட்டை எதுவும் சேர்க்காததா" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். குரோஷிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அம்மாவுக்குத் தைரியமாகக் கொடுக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. பிளிட்வா என்று ஒரு கீரை, உருளைக்கிழங்கோடு பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டு மசிப்பார்கள். நம் வீட்டுக் கீரை மசியலுக்கு ரொம்பப் பக்கத்தில் வரும். சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய், ரொட்டி, தக்காளி எங்கும் கிடைக்கும். அவர்களுடைய ஃபூஷி பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை சேர்த்துத்தான் மாவு பிசைகிறார்கள், அது அம்மாவுக்கு ஆகாது. பிளியூக்கன்சி என்று கையில் உருட்டும் இன்னொரு வகை இருக்கிறது. மாவும் தண்ணீரும் மட்டும் போட்டுச் செய்கிற கடைகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சத்துக்கு வீட்டுச் சமையல்தான். அரிசி, பருப்பு வகைகள் கடையில் கிடைக்கும். சின்னக் குக்கர், புளி, சாம்பார்ப் பொடி, ஊறுகாய் எடுத்துப் போங்கள். தட்டுவடை, முறுக்கு தாராளமாகக் கொண்டு போகலாம். நெய், பால்கோவா மாதிரி பால் பொருள் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடாது, பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். நம் சேலத்து மாம்பழமும் கருவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது.

ஏற்காட்டு மிளகு:

அக்கா சொன்னதோடு என் பங்கையும் சேர்க்கிறேன். நாங்கள் காப்பியும், சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகும் வைத்திருக்கிறோம். நான் இஸ்திரியாவுக்குப் போனதே ஆலிவ் அறுவடை பார்க்கத்தான், அது அக்டோபரில் நடக்கும்.

மேற்குக் கரையில் இறங்கினதும் மண்ணைப் பார்த்து நின்றுவிட்டேன். செக்கச் செவேலென்ற மண். சுண்ணாம்புப் பாறை கரைந்தது போக மிஞ்சிய இரும்புச் சத்து அது. அந்த மண்ணில் ஆலிவும் திராட்சையும். நம் சேர்வராயன் மலையில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டினார்கள் அல்லவா, இஸ்திரியாவிலும் ஒரு காலத்தில் பாக்சைட் சுரங்கங்கள் இருந்தன.

பறித்த ஆலிவை அன்றைக்கே ஆட்டிவிடுகிறார்கள். புது எண்ணெய் பச்சை நிறம், கலங்கலாக இருக்கும். ஒரு கரண்டி வாயில் விட்டால் முதலில் புல் வாசம், அப்புறம் கசப்பு, கடைசியில் தொண்டையில் சுரீரென்று ஒரு காரம். அந்தக் காரம்தான் எண்ணெய் புதுசு என்பதற்கு அடையாளம் என்று ஆலைக்காரர் சொன்னார். நீங்கள் போகும்போது அறுவடை தொடங்கியிருக்காது, ஆனாலும் தோட்டத்துக்காரர்கள் உட்கார வைத்து ருசி பார்க்கக் கொடுப்பார்கள். அம்மாவுக்கு ரொட்டியோடு அதுவே ஒரு சாப்பாடு.

மதுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊர் விவசாயமே அதுதான். வெள்ளைக்கு மால்வாசியா, சிவப்புக்குத் தெரான். தெரான் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் பல வருஷம் சண்டை போட்டன. 2017இல் ஐரோப்பிய ஆணையம் இஸ்திரியாவும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றது. ஸ்லோவேனியா வழக்குப் போட்டது, 2020இல் தள்ளுபடியானது. ஒரு திராட்சைக்காக இரண்டு நாடு கோர்ட்டுக்குப் போவதைப் பார்க்கும்போது, நம் ஊர்க் காப்பிக்கும் இப்படி வாதாட ஆள் வேண்டும் என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. சேர்வராயன் காப்பியை வாங்கி வேறு பெயரில் கலந்து விற்பதை இங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

குடிக்கிற பழக்கம் இல்லாதவர்களும் சூபாவை ஒரு தடவை பார்க்க வேண்டும். சிவப்பு மதுவைச் சூடாக்கி, மண் ஜாடியில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரை, ஆலிவ் எண்ணெய், மேலே மிளகுத் தூள். வாட்டிய ரொட்டியை அதில் முக்கிச் சாப்பிடுவார்கள். பண்ணை வேலை செய்தவர்களின் குளிர்காலச் சாப்பாடு. ஜாடி கைக்கு வந்ததும் எனக்கு முதலில் ஏறியது மிளகு வாசம்தான். வாத்தியார் சார் எண்ணெய் இங்கே வந்த கதையைச் சொன்னார். மிளகு இங்கேயிருந்து அங்கே போன கதை அந்த ஜாடியில் இருக்கிறது. இஸ்திரியக் கரையை 1797 வரை ஆண்ட வெனிஸ் செழித்ததே நம் மேற்குக் கரை மிளகை விற்றுத்தான்.

டிரஃபிள் காளானும் உங்கள் பருவத்தில் கிடைக்கும். மோட்டோவுன் காட்டில் நாயை வைத்து மோப்பம் பிடித்துத் தோண்டுவார்கள், வெள்ளை வகை செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை. 1999இல் ஜான்கார்லோ சிகாந்தே என்பவர் தன் நாய் டயானாவோடு 1.31 கிலோ எடையில் ஒன்றை எடுத்து கின்னஸில் இடம் பிடித்தார். வாசம் பலமாக இருக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. வெண்ணெய் விட்ட பாஸ்தாவில் மெல்லிசாகச் சீவிப் போடுவதைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:

எல்லோருக்கும் கோடி நன்றி. வாத்தியார் சார் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எமோ பெயரைத் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். அக்கா எழுதியதைக் கேட்டுவிட்டு அம்மா, "சின்னக் குக்கர் போதுமா, பெரியது எடுக்கலாமா" என்று கேட்கிறார். அப்படியென்றால் வருகிறார்!

இப்போது விசா, வழி, கார் மூன்றும் பாக்கி. இத்தாலி வழியாகப் போனால் இத்தாலி விசாவா, குரோஷியா விசாவா?

கொண்டலாம்பட்டி ரவுண்டானா:

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனிலும் (ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) யூரோவிலும் இருக்கிறது. அதனால் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். வெனிஸில் இறங்கினாலும் பெரும்பாலான இரவு ஃபஜானாவில் என்றால் குரோஷியாதான். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது. கடைசி நேரத்துக்கு விடாதீர்கள், இப்போதே விசா மையத்தில் நாள் வாங்குங்கள். வயது வந்த ஒவ்வொருவருக்கும் கட்டணம் 90 யூரோ, அதன் மேல் மையத்தின் சேவைக் கட்டணம். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. அம்மாவின் முழங்கால் வலி ஏற்கெனவே இருப்பதைக் காப்பீட்டில் மறைக்காமல் எழுதுங்கள்.

வழி: பெங்களூருவிலிருந்து வளைகுடா மாறி வெனிஸ். அன்று இரவு அங்கேயே தங்கி ஓய்வெடுங்கள். மறுநாள் ட்ரியஸ்டே வழியாகப் பூலாவுக்குப் பேருந்து. பருவத்தில் வெனிஸிலிருந்து கடல்வழிப் படகும் உண்டு, ஆனால் காற்று பலமாக அடித்தால் ரத்தாகும். பெரியவர்களோடு பேருந்தே நிம்மதி. ஷெங்கன்தானே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். இத்தாலிக்கும் ஸ்லோவேனியாவுக்கும் நடுவே, ஸ்லோவேனியாவுக்கும் குரோஷியாவுக்கும் நடுவே சோதனை நடப்பதுண்டு.

மேட்டூர் காவிரி:

காரை வெனிஸில் எடுக்காதீர்கள், பூலாவில் எடுங்கள். ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் விட்டால் கட்டணம் எகிறும், ஸ்லோவேனியா நெடுஞ்சாலைக்குத் தனி அனுமதி வேறு வாங்க வேண்டும். ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும், முதல் ரவுண்டானாவில் கை தடுமாறும், பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே வரட்டும்.

வண்டியை வாங்கும்போது நாலு பக்கமும், சக்கரமும், உள்ளேயும் வீடியோ எடுங்கள். எங்களுக்கு வண்டி கொடுத்த கம்பெனி, ஏற்கெனவே இருந்த கீறலுக்கு முன்பணத்தைப் பிடித்துக்கொண்டது. வீடியோவைக் காட்டிய பிறகுதான் திரும்பி வந்தது. அப்புறம், திராட்சைத் தோட்டத்துக்குப் போகும் நாளில் ஓட்டுகிறவர் ஒரு வாய் கூடக் குடிக்கக் கூடாது. சட்டம் லிட்டர் ரத்தத்துக்கு அரை கிராம் வரை விடுகிறது, நாம் அந்தக் கணக்குக்கே போக வேண்டாம்.

கல்வெட்டு வாத்தியார்:

பொரெச்சை விட்டுவிடாதீர்கள். 6ஆம் நூற்றாண்டில் யூஃப்ரேசியஸ் ஆயர் கட்டிய தேவாலயம் அங்கே இருக்கிறது, 1997இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பீடத்துக்குப் பின்னால் பொன்னும் முத்துச்சிப்பியும் பதித்த சுவர். வெயில் உள்ளே வரும் காலை நேரத்தில் போங்கள்.

மலை ஊர்களில் க்ரோஷ்ஞானுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தீபகற்பம் இத்தாலியிடமிருந்து யூகோஸ்லாவியாவுக்குப் போனபோது இத்தாலிய மொழி பேசியவர்களில் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். க்ரோஷ்ஞான் கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது. 1965இல் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் அந்த வீடுகளைக் கொடுத்து ஊருக்கு உயிர் கொடுத்தார்கள். வண்டி ஊர் வாசல் வரை போகும், அம்மா நடக்கும் தூரம் குறைவு. அழகான ஊர் என்று மட்டும் பார்த்துவிட்டு வராமல், யார் வீடு இது என்று அப்பாவோடு பேசிக்கொண்டே நடங்கள்.

ஏற்காட்டு மிளகு:

தம்பி, பிரியூனி படகுக்கு டிக்கெட்டை ஃபஜானா போன முதல் நாளே துறையில் கேட்டு வாங்கிவிடுங்கள், வானிலை நன்றாக இருக்கிற நாளாகப் பார்த்து. சுற்றிக் காட்டுகிறவர் எந்த நேரத்துக்கு ஆங்கிலத்தில் பேசுகிறார் என்றும் கேளுங்கள், எல்லாப் படகுக்கும் ஒரே மொழி கிடையாது. அப்புறம் பெரிய குக்கரையே எடுத்துப் போகச் சொல்லுங்கள் அம்மாவை, வாடகை வீட்டு அடுப்பு தாராளமாகத் தாங்கும்.